விடுதி அறையின் கதை எங்கே?

நான் வாசித்த மலேசியத் தமிழ்ச் சிறுகதைகள் பலவற்றில் தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் கதை முடிந்துவிடுகிறது. அப்பா அழுவார், லயமே திரண்டு வழியனுப்பும். அப்புறம்?

கெலாங் பாத்தாவில் அறை எடுத்துப் படித்த எனக்கு அந்த ‘அப்புறம்’தான் கதை. 2011இல் இந்தப் பக்கம் நியூகாசல் மருத்துவக் கல்லூரி வந்தது. அடுத்த ஆண்டே சவுத்தாம்ப்டன். செம்பனை நின்ற இடத்தில் இப்போது மாணவர் விடுதிகள்.

அகிலனின் ‘பால்மரக்காட்டினிலே’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ போன்ற நாவல்கள் ஒரு கூட்டத்தின் துயரத்தை எழுதின. ஞாயிறு முழுக்கக் கதவைத் திறக்காமல் கிடக்கும் ஒரு பையனை எழுத வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது.

“சாப்டியாப்பா?” என்று அம்மா போனில் கேட்பார். “சாப்டேம்மா.” மேசையில் நேற்றைய மேகி காய்ந்து கிடக்கும். நானும் அப்படிச் சொன்னவன்தான். அந்தப் பொய்யில் சுதந்திரமும் இருக்கு, உதவி கேட்கத் தெரியாத தவிப்பும் இருக்கு.

சுதந்திரத்தை மட்டும் எழுதினால் அது கல்லூரி விளம்பரம். தவிப்பை மட்டும் எழுதினால், “பாத்தியா, வெளிய அனுப்புனா இப்படித்தான்” என்று வீடுகள் சொல்லும்; முதலில் பெண்பிள்ளைகளைத்தான் நிறுத்தி வைக்கும். இரண்டையும் ஒரே அறைக்குள் வைத்து எழுதும் கதைக்காகத்தான் காத்திருக்கிறேன்.