'ஒரு சீமாட்டி' வாங்கிய கூலி

1809 ஏப்ரலில் லண்டன் பதிப்பாளர் கிராஸ்பிக்கு ஒரு கடிதம் வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் பத்துப் பவுண்டு கொடுத்து வாங்கிய 'சூசன்' நாவலை ஏன் இன்னும் அச்சிடவில்லை? பிரதி தொலைந்திருந்தால் இன்னொன்று தருகிறேன்; நீங்கள் போடாவிட்டால் வேறு இடத்தில் போட்டுக்கொள்வேன். கையெழுத்து 'எம்.ஏ.டி.'. மிஸஸ் ஆஷ்டன் டென்னிஸ் என்ற புனைபெயரின் முதலெழுத்துகள். சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் கோபமும் பைத்தியமும் ஒரே சொல்லில் வந்துவிடும். எப்போது வெளியிடுவோம் என்று நாங்கள் சொல்லவே இல்லை, வேறு யாராவது அச்சிட்டால் வழக்குப் போடுவோம், வேண்டுமானால் அதே பத்துப் பவுண்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. எழுதியவர் ஜேன் ஆஸ்டன். தன் கதையைத் தானே மீட்க அவருக்கு 1816 வரை ஆயிற்று. அது 'நார்த்தாங்கர் அபே' என்ற பெயரில் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

நம் வகுப்பறைகளில் ஆங்கிலக் கற்பனாவாத காலம் என்றால் ஆறு ஆண் கவிஞர்கள். தமிழுக்கும் அது அப்படித்தான் வந்தது. பாரதி தன்னை 'ஷெல்லிதாசன்' என்று அழைத்துக்கொண்டார். அந்த ஷெல்லி பள்ளிப் பருவத்தில் பேய்மாளிகைக் கதைகளை விழுந்து விழுந்து படித்தவர். 1810இல் வந்த அவரது முதல் நாவல் 'சாஸ்ட்ரோஸி', சார்லட் டேக்ரே என்ற பெண்ணின் 'சோஃப்ளோயா'வைப் பார்த்து எழுதப்பட்டது. ஷெல்லியின் பெயர் நமக்குத் தெரியும். டேக்ரேயின் பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அந்தக் காலத்தில் உண்மையில் விற்றது நாவல். 1810களில் இங்கிலாந்தில் வந்த புதிய நாவல்களில் ஆண்கள் எழுதியவற்றைவிடப் பெண்கள் எழுதியவை அதிகம். லெடன்ஹால் தெருவில் வில்லியம் லேன் நடத்திய மினர்வா அச்சகம் இந்தச் சந்தையின் நடுவில் இருந்தது. லேன் நாவல் அச்சிட்டார், வாடகை நூலகம் நடத்தினார், ஊர்களில் நூலகம் தொடங்க நினைத்த கடைக்காரர்களுக்குப் புத்தகங்களை மொத்தமாக அனுப்பினார். ஒரு கதை மூன்று நான்கு பாகங்களாக வந்தால் ஒவ்வொரு பாகமும் தனியாக வாடகைக்குப் போகும். கதைகள் ஏன் அவ்வளவு நீண்டன என்பதற்கு ஒரு பதில் இதில் இருக்கிறது. லேன் பணக்காரர் ஆனார். அவருக்கு எழுதிய பெண்களில் எத்தனையோ பேர் ஆகவில்லை. எலைசா பார்சன்ஸ் எட்டுக் குழந்தைகளோடு விதவையானவர். நாவல் மேல் நாவலாக எழுதிய பிறகும் எழுத்தாளர் உதவி நிதிக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு நாவல்கள் 'நார்த்தாங்கர் அபே'யில் வரும் ஏழு திகில் நாவல்களின் பட்டியலில் உள்ளன. இருபதாம் நூற்றாண்டில் தேடிக் கண்டுபிடிக்கும்வரை, அந்தத் தலைப்புகளெல்லாம் ஆஸ்டன் வேடிக்கைக்காகக் கற்பித்தவை என்றே பலர் நம்பியிருந்தார்கள்.

இவர்களில் என்னை அதிகம் தொந்தரவு செய்பவர் சார்லட் ஸ்மித். பதினாறு நிரம்புமுன் கல்யாணம். பன்னிரண்டு குழந்தைகள். 1783இல் கணவன் கடனுக்காகச் சிறைக்குப் போனான். சில காலம் இவரும் அங்கே அவனோடு இருந்தார். மறுவருடம் தன் சானட்டுகளைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். 1787இல் அவனை விட்டு விலகினார், 1788இல் 'எம்மலின்' வந்தது, அதன்பின் ஏறக்குறைய ஆண்டுக்கொரு நாவல். விலகியதால் விடுதலை கிடைத்துவிடவில்லை. மணமான பெண்ணின் சம்பாத்தியம் 1870 வரை அந்த நாட்டுச் சட்டத்தில் கணவனுடையது. பிரிந்து வாழ்ந்த அவன், இவர் எழுதிச் சம்பாதித்ததில் கைவைக்க முடிந்தது. மாமனாரின் உயில் வழக்கு 1776இல் தொடங்கி, இவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து 1813இல்தான் முடிந்தது. அந்த மாமனாருக்குப் பார்படாஸில் தோட்டங்களும் அடிமைகளும் இருந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. பேரக்குழந்தைகளுக்கு வந்துசேர வேண்டும் என்று அவர் போராடிய பணத்தில் வேறு பெண்களின் உழைப்பும் உடலும் இருந்தன.

ஸ்மித் தன் முன்னுரைகளில் இந்த வழக்கையும் வக்கீல்களையும் குழந்தைகளின் பசியையும் எழுதினார். விமர்சகர்களுக்கு அது எரிச்சலாக இருந்தது. துக்கத்தைச் சானட்டில் பாடினால் கவிதை, முன்னுரையில் கணக்கோடு சொன்னால் புலம்பல். பெண் எழுத்தை 'சுயபுலம்பல்' என்று ஒதுக்குகிறவர்களிடம் நானும் இதைக் கேட்டதுண்டு.

வேர்ட்ஸ்வொர்த் 1800இல் எழுதிய முன்னுரையில், வெறிபிடித்த நாவல்கள் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் ஓரங்கட்டிவிட்டன என்று வருந்தினார். வாடகை நூலகத்தில் படிப்பது வாசிப்பே அல்ல, பொழுதைக் கொல்வது என்பது கோல்ரிட்ஜின் கட்சி. வேர்ட்ஸ்வொர்த்தே முதுமையில், ஆங்கிலக் கவிதை ஸ்மித்துக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது, ஆனால் அதை யாரும் நினைக்கப்போவதில்லை என்று ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். அடிக்குறிப்பில்!

ஆண்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், 'எம்மலின்' உட்பட, பெண்களின் நாவல்களைப் பத்திரிகையில் கடுமையாக விமர்சித்தவர். பெண்ணின் அறிவைக் காதல் கதைகள் மழுங்கடிக்கும் என்ற அவர் பயத்தில் நியாயம் உண்டு. எல்லா மினர்வா நாவலையும் காப்பாற்ற எனக்கும் ஆசையில்லை, பல சலிப்பானவை. ஆனால் வுல்ஸ்டன்கிராஃப்டே கூலிக்கு எழுதியவர்தான். திருமணத்தின் சிறையைச் சொல்ல நேர்ந்தபோது, மனநோய் விடுதியில் கணவனால் அடைக்கப்பட்ட மரியாவின் கதையை அவர் நாவலாகத்தான் எழுதத் தொடங்கினார். பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, சொத்துக்காகத் துரத்தும் ஆண்: திகில் நாவலின் சரக்கு அத்தனையும் அதில் உண்டு. வாசகிகளுக்கு இவை மிகையாகத் தெரிந்திருக்காது. சட்டமே அப்படித்தானே இருந்தது.

விதிவிலக்கு ஆன் ராட்கிளிஃப். 1794இல் 'உடால்ஃபோ'வுக்கு 500 பவுண்டு, 1797இல் 'தி இத்தாலியன்' நாவலுக்கு 800 பவுண்டு. ஆஸ்டனின் பத்துப் பவுண்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1811இல் ஆஸ்டனின் முதல் நாவல் ஆசிரியர் பெயரில்லாமல், 'ஒரு சீமாட்டி' எழுதியதாக வந்தது; அச்சுச் செலவின் நட்டம் அவர் தலையில். 140 பவுண்டு லாபம் கிடைத்தது. அடுத்ததற்கு 150 கேட்டு, 110க்கு உரிமையை விற்றார்.

1814இல் வால்ட்டர் ஸ்காட் பெயர் போடாமல் 'வேவர்லி'யை வெளியிட்டார். 1820களில் ஆண்களின் நாவல்கள் எண்ணிக்கையில் முந்திவிட்டன. நாவலுக்கு மரியாதையும் வந்தது. வந்த புதிதிலேயே ஆஸ்டன் அண்ணன் மகளுக்கு எழுதிய கடிதத்தில் குறும்பாகக் குறைப்பட்டுக்கொள்கிறார்: கவிஞராகப் பேரும் பணமும் வேண்டிய அளவு சம்பாதித்த மனுஷன், நாவல், அதுவும் நல்ல நாவல், எழுதி மற்றவர்கள் வாயிலிருக்கும் ரொட்டியைப் பிடுங்கலாமா என்று.