ஆங்கிலத்தின் எண்வகைச் சொற்பாகுபாடு: ஒரு மறுநோக்கு

ஆங்கில இலக்கணத்தைக் கற்கப் புகும் மாணவன் முதலில் எதிர்கொள்வது சொற்களின் எண்வகைப் பாகுபாடாகும். பெயர்ச்சொல், பிரதிப்பெயர், பெயரடை, வினைச்சொல், வினையடை, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், வியப்பிடைச்சொல் என எட்டும், அவற்றுக்குரிய வரைவிலக்கணங்களும் மனனஞ் செய்விக்கப்படுகின்றன. ஆள், இடம், பொருள் ஆகியவற்றைச் சுட்டுவது பெயர். செயலைக் குறிப்பது வினை. பெயரை விசேடிப்பது பெயரடை என்றவாறு அவை அமையும். ஆயினும், இவற்றைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவனே ஒரு வாக்கியத்திலுள்ள சொற்களை வகைப்படுத்த முனையும்போது இடர்ப்படுகின்றான். இதற்கு அவனது பயிற்சிக் குறைவை மட்டுங் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. வரைவிலக்கணங்களின் அடிப்படையே ஆராயப்படவேண்டியதாகும்.

இப்பாகுபாடு ஆங்கில மொழியின் இயல்பை நோக்கி உருவானதன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான டயோனீசியஸ் திராக்ஸின் பெயரால் வழங்கும் இலக்கணம் கிரேக்கச் சொற்களை எட்டாக வகுத்தது. கிரேக்கத்திலுள்ள ஆர்ட்டிக்கிள் என்னும் சொல்வகை இலத்தீனில் இல்லை. எனவே உரோம இலக்கணகாரர் அதனை விடுத்து, வியப்பிடைச்சொல்லைத் தனிவகையாக்கி, எட்டு என்னும் தொகையைப் பேணினர். 1586இல் வில்லியம் புல்லோக்கர் வெளியிட்ட, ஆங்கிலத்துக்கான முதலாவது அச்சிட்ட இலக்கணமும் இலத்தீன் வழிவந்த எட்டையே கைக்கொண்டது. றொபேட் லோத் 1762இலும், லின்ட்லி மறே 1795இலும் ஆர்ட்டிக்கிளையும் பெயரடையையும் தனித்தனியே கொண்டு ஒன்பது வகைகள் கூறினர். ஆர்ட்டிக்கிளைப் பெயரடையுள் அடக்கிய பாடநூல்கள் மீண்டும் எட்டுக்கே வந்து சேர்ந்தன. தொகை இவ்வாறு மாறியும் மாறாமலும் வந்துள்ளமை, அது மொழியின் இயற்கையாலன்றி மரபினாலேயே பெரிதும் நிலைபெற்றது என்பதைக் காட்டுகின்றது.

இலத்தீனில் இப்பாகுபாடு பெருமளவு பொருந்தியமைக்குக் காரணம் உண்டு. அம்மொழியில் வேற்றுமை விகுதிகள் பெயரையும், காலமும் இடமுங் காட்டும் விகுதிகள் வினையையும் வெளிப்படையாக உணர்த்தின. ஆங்கிலமோ தன் பழைய விகுதிகளுட் பெரும்பாலானவற்றை இழந்துவிட்டது. இதனால் ஒரே வடிவமுடைய சொல் பல வகைகளில் வருதல் அம்மொழியில் இயல்பாயிற்று. 'றவுண்ட்' என்னும் சொல் விளையாட்டின் ஒரு சுற்றைக் குறிக்குமிடத்துப் பெயராகின்றது. மேசையின் வட்ட வடிவைக் கூறுமிடத்துப் பெயரடையாகின்றது. கப்பல் ஒரு முனையைச் சுற்றிச் செல்வதைக் கூறுமிடத்து வினையாகின்றது. 'வீட்டைச் சுற்றி' என்ற பொருளில் முன்னிடைச்சொல்லாகவும், 'சுற்றித் திரும்பினான்' என்ற பொருளில் வினையடையாகவும் வருகின்றது. ஆகவே, வாக்கியத்தினின்று பிரித்தெடுத்த 'றவுண்ட்' எவ்வகைச் சொல் என்ற வினாவுக்கு ஒற்றை விடை இல்லை.

பொருளை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் வரைவிலக்கணம் பிறிதோரிடத்தும் தவறுகின்றது. அழித்தல் என்னும் பொருளுடைய 'டிஸ்ற்றக்ஷன்' செயலையே குறிக்கின்றது. ஆயினும் அது பெயர். ஒத்திருத்தல் என்னும் பொருளுடைய 'றிசெம்பிள்' செயல் எதனையும் குறிப்பதில்லை. ஆயினும் அது வினை. முன்னது 'த' என்னும் ஆர்ட்டிக்கிளை ஏற்பதும், பின்னது இறந்தகால விகுதியை ஏற்பதுமே அவற்றின் வகையைத் தெளிவுபடுத்துகின்றன. 1871இல் வெளிவந்த தமது நூலொன்றில் லூயிஸ் கரோல் பொருளற்ற சொற்கள் மலிந்த செய்யுளொன்றை அமைத்தார். அச்சொற்களின் பொருள் அறியாத வாசகனும் அவற்றுட் பெயர் எது, வினை எது என்பதைத் தயக்கமின்றி உணர்ந்துகொள்கின்றான். சொல்வகையை உணர்த்துவதில் விகுதிக்கும் சொல் நிற்கும் இடத்துக்கும் உள்ள ஆற்றலுக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இவ்வுண்மையை முறையாக வற்புறுத்தியவர் அமெரிக்க மொழியியலாளர் சாள்ஸ் ஃபிரைஸ் ஆவார். ஏறத்தாழ 50 மணிநேரத் தொலைபேசி உரையாடல்களின் பதிவுகளை ஆராய்ந்து 1952இல் அவர் வெளியிட்ட நூல், பழைய பெயர்களைக் கைவிட்டு, நான்கு பெருவகுப்புகளையும் 15 செயற்பாட்டுச் சொற்கூட்டங்களையும் வகுத்தது. அவரது எண்முறைப் பெயர்கள் நிலைபெறவில்லை. அவரது அணுகுமுறை நிலைபெற்றது. எனினும், இடம் ஒன்றையே முடிவான அளவுகோலாகக் கொள்வதும் குறையுடையதே. கல்மதிலைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரில் கல்லைக் குறிக்கும் 'ஸ்ரோன்' பெயரடையின் இடத்தில் நிற்கின்றது. ஆனால் 'வெரி' என்னும் மிகைச்சொல்லை ஏற்காமையால் அது பெயரேயன்றிப் பெயரடையாகாது. வடிவம், இடம், உடன்வருஞ் சொல் ஆகிய மூன்றும் ஒருங்கே நோக்கப்படல் வேண்டும்.

இந்நெறியில் ஆராயுமிடத்துப் பழைய வகைகள் சில கலைந்துபோகின்றன. 'வெரி', 'நொட்', 'குவிக்லி' ஆகிய மூன்றும் வினையடை எனப்பட்டன. ஆனால் இவற்றுள் ஒன்று நிற்குமிடத்து மற்றொன்று பெரும்பாலும் நிற்கமாட்டாது. பிற வகைகளுள் அடங்காதவற்றை இட்டுவைக்கும் இடமாகவே வினையடை பயன்பட்டுள்ளது. 2002இல் ஹடில்ஸ்ரனும் புல்லமும் வெளியிட்ட பேரிலக்கணம் பிரதிப்பெயரைப் பெயருள் அடக்கியும், ஆர்ட்டிக்கிள் போன்றவற்றைத் தனிவகையாக்கியும், இணைப்புச்சொற்கள் பலவற்றை முன்னிடைச்சொற்களோடு சேர்த்தும் கூறுகின்றது.

தமிழ் மாணவனுக்கு இந்நோக்கு புதியதன்று. வினை வேற்றுமை கொள்ளாது காலத்தோடு தோன்றும் எனத் தொல்காப்பியர் கூறியது, சொல்லின் வடிவையும் இயக்கத்தையும் நோக்கிய இலக்கணமாகும். அவ்வடிப்படையைக் கற்றவன் ஆங்கிலத்துக்கு வரும்போது அதனை மறந்து, கலைச்சொற்களை மட்டும் ஒன்றுக்கொன்று பொருத்துவதே இடர்தருவது. தமிழில் வேற்றுமை உருபு செய்யும் தொழிலை ஆங்கிலத்தில் பெரும்பாலும் முன்னிடைச்சொல் செய்கின்றது. ஆங்கிலப் பெயரடைக்குப் பெயரெச்சத்தை ஈடாகக் கொள்வோரும் உளர். ஆனால் 'நேற்று வந்த மாணவன்' என்பதில் 'வந்த' காலங்காட்டுகின்றது, 'நேற்று' என்னும் அடையையும் ஏற்கின்றது. ஆங்கிலப் பெயரடையிடம் இவ்வினைத்தன்மை இல்லை.

எண்வகைப் பெயர்கள் பயனற்றவை என்பது இதன் முடிபன்று. அகராதியைப் பயன்படுத்தவும், வாக்கியத்தைப் பற்றிப் பேசவும் அவை வேண்டப்படுகின்றன. வேண்டப்படாதது, அவற்றை வாக்கியத்துக்கு முன்னதாக மனனஞ் செய்விக்கும் முறையே. ஒரு சொல் எங்கு நிற்கின்றது, எதனை ஏற்கின்றது, அதனிடத்தில் வேறு எச்சொல் நிற்கும் என்று வினவப் பழகிய மாணவனுக்கு, அவ்விடைகளைத் தொகுத்துரைக்கும் பெயராகவே சொல்வகை அமையும்.