தடையற்ற நூலகம்: உருவமும் உள்ளடக்கமும்

அரசுகள் இணையத்தளங்களை முடக்குமிடத்து வாசகர் மாற்றுவழி தேடுதல் இயல்பே. டோர் உலாவி வாசகனின் வேண்டுகோளை மூன்று இடைக்கணினிகளினூடாகச் செலுத்தி அவனது இருப்பிடத்தை மறைக்கின்றது. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு 2020 மார்ச்சில் திறந்த 'தடையற்ற நூலக'மோ எழுத்தையே ஒரு விளையாட்டினுள் ஒளித்து வைத்தது. செய்தித்தளங்கள் முடக்கப்பட்ட நாடுகளிலும் மைன்கிராப்ற் விளையாட்டு கிடைத்தமையே இதற்கு வாய்ப்பாயிற்று. 2018இல் இஸ்தான்புல்லில் கொல்லப்பட்ட சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கசோக்ஜியின் கட்டுரைகளும் அங்கு நூல்களாக உள்ளன.

உள்ளடக்கம் இவ்வாறாக, உருவமே ஐயத்துக்கு இடந்தருகின்றது. உயர்ந்த தூண்கள், பெருங் குவிமாடம், அகன்ற படிகள் யாவும் அதிகார பீடங்களுக்கென்றே வளர்ந்த கட்டடக்கலையின் கூறுகள். (மறைவாக நுழைபவனுக்கு இத்துணைப் பெரிய வாசல் எதற்கோ!) அதிகாரத்தின் மொழியை அதிகாரத்துக்கு எதிராகவே திருப்பினர் என அமைதி கூறலாம். ஆயினும் மண்டபத்தை வியந்து நிற்பவன் நூலை விரிக்காமலே திரும்பிவிடல் கூடும்.

மெக்சிக்கோவுக்குரிய அறை இதற்கு விலக்கு. கொல்லப்பட்ட பத்திரிகையாளருக்கான நினைவிடமே அங்குள்ளது. அந்நாட்டில் தளமுடக்கம் அன்று, கொலையே தணிக்கையாக நிற்கின்றது. உலாவியோ விளையாட்டோ அதனைக் கடக்கமாட்டா என்பதை அவ்வறை மறைக்கவில்லை.