மதிலை மூடியவர் யார்?

விமர்சனம் என்றதும் கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றோடு நமது பார்வை நின்றுவிடுகின்றது. ஆனால் ஒரு சமுதாயம் தன்னைப்பற்றிக் கொண்டுள்ள எண்ணங்கள் அச்சேறிய நூல்களில் மட்டும் பதிவாவதில்லை. மக்கள் ஓய்வுப் பொழுதிற் கூடியிருந்து எதனை ஆடுகின்றனர், அவ்வாட்டத்தில் எதனை வெற்றி என்கின்றனர், யாரை எண்ணுகின்றனர், யாரை எண்ணாது விடுகின்றனர் என்பவற்றிலும் அவ்வெண்ணங்கள் பதிந்து கிடக்கின்றன. ஆகவே, பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டதும் விமர்சகன் பேனாவை மூடிவைக்க வேண்டியதில்லை.

நம்மவரிடையே இதுபற்றி இரு வகையான கருத்துகள் உள. விளையாட்டை விளையாட்டாகவே விட்டுவிட வேண்டும், அதனுள் சமுதாயத்தைத் தேடுவது வீண்வேலை என்பார் ஒரு சாரார். மேனாட்டு நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு நமக்கெதற்கு என்று முகஞ்சுளிப்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரே தவற்றினைச் செய்கின்றனர்: ஆட்டத்தின் விதிகளை வாசிக்க மறுக்கின்றனர். கவிதைக்கு யாப்பு எவ்வாறோ அவ்வாறே ஆட்டத்துக்கு விதி. உருவத்தை ஆராயாது உள்ளடக்கத்தைக் காணமுடியாது.

விதியிலே கருத்து உறையும் என்பதற்கு வரலாற்றிற் சான்றுண்டு. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904 ஆம் ஆண்டில் ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்ற பொருள்படும் பெயருடைய ஆட்டமொன்றுக்கு உரிமம் பெற்றார். நில வாடகை எவ்வாறு ஒருவரைக் கொழுக்கவைத்துப் பலரை ஓட்டாண்டிகளாக்குகின்றது என்பதைக் காட்டுவதே அவர் நோக்கம். பொருளியலாளர் ஹென்றி ஜோர்ஜின் நிலவரிக் கொள்கையைப் பரப்ப விரும்பியவர் அவர். 1935 இல் பார்க்கர் சகோதரர் நிறுவனம் 500 டொலர் கொடுத்து அவரது உரிமத்தை வாங்கியது. அவ்வாட்டத்தின் வழிவந்த மொனோப்பொலி உலகெங்கும் பரவிற்று. எந்தச் சுரண்டலைக் கண்டிக்க ஆட்டம் பிறந்ததோ அந்தச் சுரண்டலிலே தேர்ச்சி பெறுவதே அதன் இன்பமாயிற்று. விதியை ஆள்பவன் கருத்தையும் ஆள்கின்றான் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மொனோப்பொலியின் கொடுமை வெளிப்படையானது. அதனைக் கண்டிப்பது எளிது. விமர்சனத்துக்கு உண்மையான சோதனை, மென்மையானதும் இனிமையானதுமான ஓர் ஆட்டத்தை எதிர்கொள்ளும்போதே ஏற்படுகின்றது. அத்தகையதே கார்க்கசோன்.

2000 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே வெளிவந்த ஆட்டம் இது. ஆக்கியவர் கிளவுஸ் யூர்கன் விறேட. வெளியிட்டது ஹான்ஸ் இம் குளூக் என்னும் பதிப்பகம். அந்நாட்டில் ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கு அளிக்கப்படும் பரிசு 2001 இல் இதற்குக் கிடைத்தது. 2 பேர் முதல் 5 பேர் வரை ஆடலாம். மொத்தம் 72 சதுர அட்டைகள். ஒன்றில் மதிலின் ஒரு துண்டு இருக்கும். இன்னொன்றிற் பாதையின் ஒரு வளைவு இருக்கும். வேறொன்றில் வயல் நடுவே துறவியர் மடம் இருக்கும். ஆடுபவர் தம் முறை வரும்போது அட்டையொன்றை எடுத்து, மேசைமீது ஏற்கெனவே கிடப்பவற்றோடு மதிலுக்கு மதில், பாதைக்குப் பாதை, வயலுக்கு வயல் பொருந்துமாறு வைக்கவேண்டும். பின்னர், விரும்பினால், மனித உருவிலான தம் மரக்காய்களுள் ஒன்றை அவ்வட்டையில் வைக்கலாம். நகரத்தில் வைத்தால் அது குதிரைவீரன். பாதையில் வைத்தால் வழிப்பறிக்காரன். மடத்தில் வைத்தால் துறவி. வயலிற் கிடத்தினால் உழவன். ஒரே மரத்தில் வெட்டிய ஒரே காய், தான் நிற்கும் இடத்தினாலேயே வீரனாகவும் உழவனாகவும் ஆகின்றது. வர்க்கம் என்பது பிறவிக்குணம் என்று கருதுவோர்க்கு இவ்வொரு விதியே நல்ல பாடமாகும்.

இவ்வாட்டத்தின் சிறப்புகளை முதலிற் கூறுவதே நேர்மையாகும். இதிற் பணம் இல்லை, கடன் இல்லை, எவரும் ஆட்டத்தினின்றும் துரத்தப்படுவதில்லை, ஒருவர் கட்டியதை இன்னொருவர் இடிப்பதில்லை. ஆளுக்கொரு பலகை என்றில்லாது, எல்லோரும் சேர்ந்து ஒரே நிலப்பரப்பினை உருவாக்குகின்றனர். எடுத்த அட்டையை மற்றவர்க்குக் காட்டி, எங்கு வைப்பது நன்று என அவர்தம் ஆலோசனையைக் கேட்கலாம் என்று பழைய விதிநூல் கூறுகின்றது. போட்டியாட்டம் ஒன்றின் விதிநூலில் இத்தகைய தோழமை அரிது. முக்கால் மணி நேரத்தில் வெறும் மேசைமீது ஒரு நாடு விரிந்து கிடப்பதைக் காணும் மகிழ்ச்சி பொய்யான மகிழ்ச்சி அன்று.

ஆனால் புள்ளி எண்ணும் நேரம் வருகின்றது. மதில் முழுதும் மூடப்பட்ட நகரத்துக்கு அட்டை ஒன்றுக்கு 2 புள்ளி. கேடயச் சின்னம் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2 புள்ளி. இவற்றைப் பெறுபவர் யார்? நகரத்தினுள் அதிக வீரரை நிறுத்தியவர். அந்த நகரத்துக்கு அதிக அட்டைகளை வைத்தவர் யார் என்று விதி கேட்பதில்லை. 8 அட்டைகளாலான நகரமொன்றில் 6 அட்டைகளை நான் வைத்திருக்கலாம். ஆயினும், பக்கத்திலே தனியாக வீரர்களை நிறுத்தி, பின் ஓர் இணைப்பு அட்டையால் என் நகரத்தினுள் நுழைந்த ஒருவர், ஒரு வீரன் கூடுதலாக வைத்திருப்பாராயின் புள்ளி முழுவதும் அவருக்கே, எனக்கு ஒன்றுமில்லை. கட்டுவது அனைவரது கையாலும் நடைபெறுகின்றது. பயன் ஆதிக்கமுடையோன் கைக்குப் போகின்றது. உற்பத்தி சமூகத்தன்மை பெற்றிருக்க, உடைமை மட்டும் தனியார்வசம் இருக்கும் முரண்பாட்டை நூல்களிற் படித்திருக்கின்றோம். அம்முரண்பாடு ஈண்டு மேசைமீது அட்டையும் காயுமாக நடந்து காட்டப்படுகின்றது.

இவ்விடத்து விதிவிலக்கொன்றையும் சொல்லவேண்டும். இருவர் சம எண்ணிக்கையில் வீரரை வைத்திருந்தால் புள்ளி பாதியாகப் பிரிக்கப்படுவதில்லை. இருவரும் முழுப்புள்ளி பெறுவர். பகிர்ந்தால் குறையும் என்ற கடைத்தெருக் கணக்கினை இவ்விதி மறுக்கின்றது. அனுபவமுள்ளோர் ஆட்டத்தின் நடுவே எதிரியுடன் கூட்டுச்சேர்வதும் இதனாலேயே. ஆக, போட்டியின் உள்ளேயே கூட்டுறவுக்கு ஒரு வாயில் திறந்திருக்கின்றது. ஆனால் அவ்வாயிலிற் செல்வோர் மூன்றாமவரை வெல்வதற்காகவே செல்கின்றனர்.

என் மாணவர் சிலர் இதனை ஆடிக்கொண்டிருந்தபோது அவருள் ஒருவன் கேட்டான்: “சேர், எல்லாரும் நிக்கினம், இவன் மட்டும் ஏன் படுத்துக் கிடக்கிறான்?” அவன் சுட்டியது உழவனை. பாதையில் நிற்கும் காயோடு மாறாதிருக்கவே உழவனைப் படுக்கவைக்கவேண்டும் என்பது விதியின் விளக்கம். அது வசதிக்கான ஏற்பாடுதான். எனினும் அதன் விளைவைப் பாருங்கள். நகரம் மூடப்பட்டதும் வீரன் புள்ளியோடு தன் உடையவரிடம் திரும்புகின்றான். பாதை முடிந்ததும் வழிப்பறிக்காரன் திரும்புகின்றான். மடத்தைச் சுற்றி அட்டைகள் நிறைந்ததும் துறவி திரும்புகின்றான். வயலிற் படுத்தவன் ஆட்டம் முடியும்வரை எழுவதில்லை. எல்லோருடைய கணக்கும் இடையிடையே தீர்க்கப்பட, அவனுடைய கணக்கு மட்டும் கடைசிக்குத் தள்ளிவைக்கப்படுகின்றது.

அந்தக் கடைசிக் கணக்கிலேதான் ஆட்டத்தின் மிகப்பெரிய உண்மை வெளிப்படுகின்றது. தன் வயலை ஒட்டியுள்ள முற்றுப்பெற்ற நகரம் ஒவ்வொன்றுக்கும் உழவன் புள்ளி பெறுகின்றான்; அந்நகரங்களுக்கு உணவளிப்பவன் அவனே என்பது அதற்குக் கூறப்படும் காரணம். மதில்களுக்குள் நிகழ்ந்த ஆரவாரம் முழுவதும் வயலின்மேல் நின்றது என்பது அப்போதுதான் தெரிகின்றது. முன்னணியில் நின்றவர் தோற்பதும், அமைதியாக வயலைப் பிடித்திருந்தவர் வெல்வதும் பலமுறை நிகழும். அறிந்தோ அறியாமலோ ஆட்டத்தை ஆக்கியவர் இங்கு ஒரு வரலாற்றுண்மையைத் தொட்டுவிட்டார்.

ஆனால் அவ்வுண்மை நிலைத்து நிற்கவில்லை. முதலில் நகரத்துக்கு 4 புள்ளியாக இருந்த உழவனின் ஊதியம் பின்னர் 3 ஆகக் குறைந்தது. எண்ணும் முறையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாற்றப்பட்டது. 2014 இற் புதிய ஓவியங்களோடு வந்த பதிப்பிலோ, முதலிற் கற்கவேண்டிய விதிகளினின்றும் உழவன் பிரிக்கப்பட்டு, பின்னால் ஒரு துணைவிதியாக வைக்கப்பட்டுவிட்டான். புதிதாக ஆடுவோர்க்கு எளிதாக இருத்தல்வேண்டும் என்பது இதற்கான நியாயம். அந்நியாயம் உண்மையே, உழவர் விதி கடினமானதுதான். ஆயினும் எளிமை வேண்டும்போது முதலில் நீக்கப்படுபவன் உணவளிப்பவனாகவே இருப்பது சிந்திக்கத்தக்கது.

உழவனாவது பின்னிணைப்பில் இருக்கின்றான். மதில் கட்டிய கொத்தனும் கல் உடைத்தவனும் எங்கே? அட்டைகளில் வீடுகள் நெருக்கமாக வரையப்பட்டுள்ளன; அவற்றைக் கட்டியவர்க்குக் காய் இல்லை. 2003 இல் வணிகரையும் கட்டுநரையும் சேர்த்த துணைத்தொகுதி ஒன்று வந்தது என ஆட்டம் அறிந்தோர் நினைவூட்டக்கூடும். உண்மை. அதிற் கட்டுநன் ஒருவன் வருகின்றான். அவன் நிற்கும் நகரத்தையோ பாதையையோ நீட்டினால் இன்னோர் அட்டை வைக்கும் வாய்ப்புக் கிடைக்கும். அதாவது, வேலையை விரைவுபடுத்துகின்றான். ஆனால் நகரம் யாருடையது என்று தலை எண்ணும்போது அவன் தலை எண்ணப்படுவதில்லை! அதே தொகுதியில் மது, தானியம், துணி ஆகிய பண்டங்களும் வருகின்றன. நகரத்தை மூடியவர் அவற்றை எடுத்துக்கொள்கின்றார். துணி வந்துவிட்டது, நெசவாளி வரவில்லை.

நெசவாளி வராமைக்கு ஆட்டத்தை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது. அவனை அந்த நகரத்தினின்றே முன்னர் அகற்றிவிட்டனர். கார்க்கசோன் தென்பிரான்சில் ஓட் ஆற்றங்கரையில் உள்ள உண்மையான நகரம். கதார் எனப்பட்ட சமயப் பிரிவினரை ஒழிக்கவெனப் பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ற் ஏவிய சிலுவைப்போர்ப் படை 1209 இல் அதனை முற்றுகையிட்டது. ஆண்ட சிற்றரசன் ரேமோன் ரோஜே திரென்காவல் பிடிக்கப்பட்டு அவ்வாண்டிலேயே சிறையில் மாண்டான். குடிமக்கள் உடுத்த உள்ளாடையன்றி வேறெதுவுமின்றி வாயிலால் வெளியேற்றப்பட்டனர். பிற்காலத்தில், 1659 இல் ஸ்பானிய எல்லை தெற்கே நகர்ந்ததும் கோட்டை தன் படைத்துறை முக்கியத்துவத்தை இழந்தது. ஏழை நெசவாளர் இரு மதில்களுக்கும் இடைப்பட்ட நிலத்திலே மதிலோடு சாய்த்து வீடுகட்டி வாழ்ந்தனர். 1853 இற் கட்டடக்கலைஞர் வியொலே லெ டுக் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கினார். மதில்கள் எழுந்தன, கோபுரங்களுக்குக் கூம்புக் கூரைகள் வந்தன, நெசவாளரின் வீடுகள் இடிக்கப்பட்டன. 1997 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. மூன்றாண்டுகளின் பின் வந்த ஆட்டம் நமக்குக் காட்டுவது இவ்வாறு துடைத்துத் துப்புரவாக்கப்பட்ட நகரத்தையே. மதில் முழுமை பெற்றாலே நகரம் முழுமை பெறும் என்ற அதன் விதி, புதுப்பித்தவர்களின் கண்கொண்டு பார்த்து எழுதப்பட்ட விதியாகும்.

ஆனால் அந்த மண்ணின் உழவர் என்றென்றும் படுத்துக்கிடக்கவில்லை. மதுவின் விலை வீழ்ந்து, சீனி கலந்த போலி மது சந்தையை நிறைத்தபோது, 1907 இல் லாங்குதொக் பகுதியின் திராட்சை உழவர் எழுந்தனர். மார்சலின் அல்பேர் என்ற சிற்றூரான் அவர்களுக்கு முன்நின்றார். அவ்வாண்டு மே 26 ஆம் நாள் இலட்சக்கணக்கான மக்கள் இதே கார்க்கசோன் நகரில் திரண்டனர். கிளெமன்சோவின் அரசாங்கம் படையை அனுப்பியது. நார்பொன் நகரிலே துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டனர். உழவரின் பிள்ளைகளே நிறைந்திருந்த 17 ஆம் காலாட்படைப் பிரிவு கிளர்ந்தெழுந்தது. அவ்வாண்டு யூன் மாத இறுதியில் போலி மதுவுக்கெதிரான சட்டம் நிறைவேறியது. கடைசிவரை காத்திருக்கவேண்டும் என்ற விதியை அவ்வுழவர் ஆட்டத்தின் நடுவே மாற்றினர்.

ஒரு சிறு ஆட்டத்தின்மீது இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்கப்படலாம். இவ்வாட்டத்தைத் தடைசெய்ய வேண்டும் என்றோ, பிள்ளைகள் கைகளினின்றும் பறிக்கவேண்டும் என்றோ நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது குறுகிய வரட்டுவாதமாகும். நல்ல கலைப்படைப்பினைப் போலவே இதுவும் தன் ஆக்கியோன் எண்ணியதற்கு மேலாக உண்மை சொல்கின்றது. சில உண்மைகளை மறைக்கவும் செய்கின்றது. இரண்டையும் காணப் பழக்குவதே ஆசிரியர் பணி. இன்பத்தை மறுக்கும் விமர்சனத்தை மாணவன் செவிமடுக்கமாட்டான். இன்பத்தோடு நின்றுவிடும் விமர்சனத்தால் அவனுக்குப் பயனில்லை.

எனவே, ஆசிரிய நண்பர்களே, மாணவர் இத்தகைய ஆட்டங்களை ஆடட்டும். புள்ளி எண்ணி முடிந்து, அட்டைகளைப் பெட்டியில் இடுமுன் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: இந்த நகரத்தைக் கட்டியவர்களுள் யாருக்கு இங்கே காய் இல்லை? அடுத்தமுறை உழவனையும் சேர்த்து ஆடுவோம் என்று ஒரு மாணவன் சொல்வானாயின் அது நல்ல தொடக்கம். கட்டுநனின் தலையையும் எண்ணவேண்டும், அதற்கு ஒரு விதி செய்வோம் என்று இன்னொருவன் சொல்வானாயின், விதிகள் மனிதர் ஆக்கியவை, மனிதரால் மாற்றத்தக்கவை என்பதை அவன் கற்றுக்கொண்டான். அப்பாடம் மேசையோடு முடிவதில்லை.