எந்த வெளிச்சத்தில்?

'ரஸனை அவரவர் சொந்த விஷயம்' என்ற வாக்கியம் ஒரு விவாதத்தில் எப்போது வருகிறது என்று கவனித்திருக்கிறேன். காரணங்கள் தீர்ந்துபோனபின் வருகிறது. கவிதை விஷயத்தில் நம்மில் பலர் இதை ஏற்பதில்லை. ஒரு கவிதை ஏன் நல்ல கவிதை என்று கேட்கிறோம். பதில் சொல்லாமல் நழுவுகிறவரைச் சந்தேகிக்கிறோம். அதே நபர்கள் படம் பார்க்க உட்கார்ந்ததும் இந்த வாக்கியத்திடம் சரணடைந்துவிடுகிறார்கள்.

ஆம்பூரில் மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் படம் பார்க்கிறோம். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) பார்த்த அன்று, படத்தைப் பற்றி நடந்த பேச்சைவிடப் படம் திரையில் தெரிந்த விதத்தைப் பற்றி நடந்த பேச்சே அதிகம். டெலிவிஷனை நான் 'சினிமா' என்ற அமைப்பில் வைத்திருந்தேன். மஞ்சளடிக்கிறது, மங்கலாக இருக்கிறது, உயிரில்லை என்றார்கள் பாதிப்பேர். ஒருவர் ரிமோட்டை எடுத்து 'விவிட்'டுக்கு மாற்றினார். பூசாத செங்கல் சுவர் குங்குமமாயிற்று. 'இப்பத்தான் படம் மாதிரி இருக்கு' என்றார் இன்னொருவர். அவரவருக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்வதில் சரியென்ன தவறென்ன என்ற தீர்ப்போடு பேச்சு முடிந்தது. இந்தத் தீர்ப்பைத்தான் இங்கே மறுக்கப்போகிறேன். ஒரு யந்திரத்தின் நாலைந்து பொத்தான்களைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்பவர்கள், அச்சுப்பிழை மலிந்த பதிப்பில் ஒரு கவிஞனை வாசித்துவிட்டு அவனைப் பற்றி அபிப்ராயம் சொல்லச் சம்மதிப்பார்களா என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

ஹோம் தியேட்டர் என்றால் நம் ஊர்களில் ஒலிபெருக்கிகள் என்றுதான் அர்த்தம். பாஸ் அதிர்வதற்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்கள், படத்தைத் தொழிற்சாலை எப்படி வைத்து அனுப்பியதோ அப்படியே விட்டிருப்பார்கள். அல்லது கடையில் பார்த்த மாதிரியே வேண்டும் என்று 'விவிட்'டைத் தேடிப் போவார்கள். அது யாருக்காகச் செய்யப்பட்டது? கடைக்காக. வரிசையாக எரியும் குழல்விளக்குகளின் கீழே இருபது பெட்டிகள் அருகருகே நிற்கும்போது, எது அதிக வெளிச்சமோ, எதன் வெள்ளை அதிக நீலமோ அதன் மீது கண் போய் நிற்கும். பக்கத்துப் பெட்டியை வெல்லக் கண்ட உத்தியை, பக்கத்துப் பெட்டி இல்லாத வீட்டு அறைக்குக் கொண்டுவந்து, அதற்கு நம் ரஸனை என்று பெயர் வைக்கிறோம். சொந்தமானது என்று நாம் நினைத்த ரஸனை வியாபாரியினுடையது.

கட்டுப்பாடுகளின் பெயர்களும் திசைதிருப்புபவை. 'பிரைட்னஸ்' என்பது பெரும்பாலான பெட்டிகளில் வெளிச்சத்தைக் கூட்டுவதல்ல, கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று தீர்மானிப்பது. ஏற்றினால் இரவு சாம்பலாகும். இறக்கினால் கறுத்த தலைமயிரின் இழைகள் ஒன்றாகி மைக்கட்டியாகும். 'கான்ட்ராஸ்ட்' வெள்ளையின் எல்லை. அதிகம் ஏற்றினால் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறைந்து காகிதம் போலாகும். அறையின் வெளிச்சத்திற்கு ஏற்பக் கூட்டிக் குறைக்க வேண்டியது 'பேக்லைட்' ஒன்றைத்தான். ஜனங்கள் அதைத் தொடுவதில்லை. 'ஷார்ப்னஸ்' படத்தில் இல்லாத ஒரு நுட்பத்தையும் தருவதில்லை. உருவங்களின் ஓரத்தில் பொய்க்கோடு ஒன்றை வரைகிறது, அவ்வளவே. இரைச்சல் நீக்கி ஃபிலிமின் மணிகளையே அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிடும், முகம் மெழுகாகிவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது அசைவைச் சமனாக்கும் அமைப்பு. சினிமா நொடிக்கு 24 சட்டங்கள். பெட்டி இரண்டு சட்டங்களுக்கு நடுவில் தானாக ஊகித்த சட்டங்களைச் செருகுகிறது. 24ஐ ஊகமில்லாமலே காட்ட வழி உண்டு: நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை ஒவ்வொரு சட்டத்தையும் ஐந்து முறை காட்டினால் போதும். ஊகத்தின் விளைவாக எந்தப் படமும் தொடர் நாடகம் மாதிரி வழுக்கி ஓடுகிறது. 2018 டிசம்பரில் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிடச் சொல்லிப் பார்வையாளர்களை வேண்டி ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். 2019 ஆகஸ்டில் 'ஃபிலிம்மேக்கர் மோடு' என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. சமனாக்கலை நிறுத்தி, கூர்மையை விலக்கி, சட்ட விகிதத்தைக் காப்பாற்றி, வெள்ளையை அளவுகோலில் வைக்கும் அமைப்பு அது. ஹாலிவுட் நட்சத்திரம் கையெடுத்துக் கும்பிட வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும்.

விவாதத்தின் மையம் வெள்ளையில்தான் இருக்கிறது. 'மஞ்சளடிக்கிறது' என்றார்களே, எதனோடு ஒப்பிட்டு?

இதற்குப் பதில் சொல்லும் தகுதி சென்னையில் இருப்பவர்களைவிட ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு அதிகம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தந்த ஈ.ஐ. தோலின் வெளிர்பழுப்பிலிருந்து, குரோமியம் தரும் 'வெட் ப்ளூ'வின் சாம்பல் நீலம் வரை நிறத்தைப் பார்த்தே பிழைத்த ஊர்கள் இவை. ஃபினிஷிங்கில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு வேலையே ஷேடு பார்ப்பதுதான். வெளிநாட்டுக்காரன் அனுப்பிய சாம்பிள் துண்டையும் இங்கே சாயமேற்றிய தோலையும் சாம்பல் நிற உட்சுவர் கொண்ட ஒரு பெட்டிக்குள் அருகருகே வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடைக் குழல்விளக்குக்கு ஒன்று, மஞ்சள் பல்புக்கு ஒன்று. பகல் விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துண்டுகள் கடை விளக்கில் வேறுவேறாகிவிடுவது உண்டு. அப்போது சரக்கு திரும்பி வரும். இடது கால் ஷூவும் வலது கால் ஷூவும் ஒரே ஷேடில் இருக்க வேண்டும் என்பது அங்கே யாருடைய ரஸனையும் அல்ல. 'என் கண்ணுக்கு இது சரியாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டு எந்த டேனரியிலும் ஒருவர் வேலையில் நீடிக்க முடியாது.

அந்தப் பெட்டியின் பகல் விளக்குக்கு டி65 என்று பெயர். உயர்தர டெலிவிஷனுக்காக 1990இல் வகுக்கப்பட்ட 709 என்ற சர்வதேச விதியும் வெள்ளை என்று சொல்வது இதே டி65ஐத்தான். தோலுக்கும் சினிமாவுக்கும் ஒரே வெள்ளை. பெட்டியில் 'வார்ம்' என்று போட்டிருக்கும் அமைப்பு பெரும்பாலும் அதற்கு நெருக்கமானது. 'கூல்' அதைவிட வெகுவாக நீலம் ஏறியது. நீலத்தில் பழகிய கண்ணுக்கு நடுநிலை மஞ்சளாகத் தெரிவது இயல்பு. சில நாட்கள் விட்டால் கண் தானே திரும்பிவிடும். பிறகு 'கூல்'தான் நோயாளி முகம் மாதிரி தெரியும். பகலெல்லாம் லைட் பாக்ஸ் முன்னால் டி65ஐ நம்பிச் சோறு தின்கிறவர்கள், மாலையில் வீட்டுக்கு வந்து அதே டி65ஐப் பார்த்து மஞ்சள் என்று முகம் சுளிப்பதுதான் எனக்கு ஆச்சரியம். பிழைப்பில் நாம் ஏற்கும் கறாரைக் கலையில் மறுக்கிறோம். கலையில் சரக்கு திரும்பி வருவதில்லை என்ற தைரியம்தான்.

இங்கே ஒரு ஆட்சேபணை எழலாம், அது நியாயமானது. டி65 யாருடைய பகல்? 1960களில் அதை வகுத்தபோது ஆதாரமாகக் கொண்ட அளவீடுகள் ராசெஸ்டர், ஒட்டாவா, எங்கிலாந்தின் என்ஃபீல்ட் ஆகிய இடங்களின் வானத்தில் எடுக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் ஆம்பூர்ப் பாறைக்குன்றுகளும் வறண்ட பாலாற்று மணலும் தரும் வெளிச்சம் அந்தக் கணக்கில் இல்லை. ஃபிலிமின் சரித்திரத்திலும் இதே கதைதான். பிரிண்ட் போடும் லேப்கள் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய 'ஷர்லி' அட்டையில் பல வருஷங்கள் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். எங்கள் ஊரில் தோல் என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் வேறு. ஆனாலும் இரண்டு அர்த்தத்திலும் ஷேடைத் தீர்மானித்த சாம்பிள் துண்டு வெளியிலிருந்தே வந்திருக்கிறது.

அதற்காக அளவுகோலைத் தூக்கியெறிவதா? எறிந்தால் அந்த இடத்துக்கு நம் வெயில் வந்துவிடாது, 'விவிட்'தான் வரும். மாநிறத்தையும் கறுப்பையும் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். வெள்ளையில் நீலம் ஏறியதால் முகம் சாம்பல் பூக்கிறது; அதை ஈடுகட்ட நிறத்தை ஏற்றியதால் கன்னம் ஆரஞ்சாகிறது. சில பெட்டிகளில் சருமத்துக்கென்றே தனியாக ஒரு திருகு வேறு. அதைத் திருப்பினால் முகம் ரோஜா நிறத்துக்கு நகர்கிறது. 'வீடு' படத்து அர்ச்சனாவின் முகத்தை அது இருந்தபடியே, கிடைத்த வெளிச்சத்தில் பார்க்க ஒரு காமிராக் கலைஞன் துணிந்தான். தமிழ் சினிமாவில் அது ஒரு விமர்சனச் செயல். பவுடர் பூசிய ஐம்பது வருஷங்களுக்குச் சொன்ன பதில். ரிமோட்டின் ஒரு பொத்தானில் அந்தப் பதிலை அழித்துவிட்டு 'படம் சுமார்' என்று அபிப்ராயம் சொல்கிறோம். அளவுகோல் அந்நியம்தான். அதன் முன்னால் அந்த முகம் தன் நிறத்தோடு நிற்கிறது. நம் சொந்த ரஸனை என்கிற 'விவிட்'டில் நிற்க முடியவில்லை.

படைப்பாளியின் நோக்கம் என்ற சொல்லையும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. வாங் கர்-வாய் தன் பழைய படங்களைப் புதுப்பித்து 2021இல் வெளியிட்டபோது நிறங்களையே மாற்றிவிட்டார். 2000இல் 'இன் த மூட் ஃபார் லவ்' பார்த்தவர்கள் நினைவில் வைத்திருந்த சிவப்பு அதில் இல்லை. எந்த வாங் கர்-வாயின் நோக்கம்? நம் கதை இன்னும் பரிதாபம். 2014இல் மறைந்த பாலு மகேந்திரா, கடைசி வருஷங்களில் 'வீடு', 'சந்தியா ராகம்' படங்களுக்கு நெகட்டிவ் இல்லை என்று மேடையில் சொல்லி வருந்தினார். நமக்குக் கிடைப்பது பழைய பிரதியிலிருந்து எடுத்த வீடியோ. அதில் போன நிறம் போனதுதான். எந்த அமைப்பும் அதை மீட்காது. 'சினிமா' அமைப்பில் வைத்தால் பாலு மகேந்திரா பார்த்த படம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு போயிருக்கிறது என்பதாவது தெரியும். முதியவர் சொக்கலிங்க பாகவதர் பாதி எழும்பிய சுவர்களைத் தடவிப் பார்க்கும் இடத்தில், ஜன்னல் வைக்காத திறப்பு வழியே வரும் வெளிச்சம் வெளிறிப்போயிருப்பது அந்தப் பிரதியின் காயம். 'விவிட்' அந்தக் காயத்துக்குச் சாயம் பூசுகிறது. பூசியபின், ஒரு சமூகம் தன் நல்ல படங்களில் ஒன்றைக் காப்பாற்றத் தவறியது யாருக்கும் தெரியாமல் போகிறது. எனக்கு முக்கியம் இதுதான்.

ஆகவே எங்கள் வட்டத்துக்கு நான் சொல்வது எளிய விஷயம். குழல்விளக்கை அணையுங்கள். பெட்டிக்குப் பின்னால் சுவரில் படும்படி மங்கலான வெள்ளை விளக்கு ஒன்று போதும். 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்', வெள்ளை 'வார்ம்', கூர்மை மிகக் குறைவு, சமனாக்கல் இல்லை, இரைச்சல் நீக்கி இல்லை. பழைய படம் சதுரமாக வந்தால் இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். இழுத்து நிரப்பி சிவாஜியைக் குட்டையாக்க வேண்டாம். இத்தனையும் செய்தபின் படம் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். நானும் சண்டைக்கு வருவேன். இரண்டு பேர் இரண்டு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போடும் சண்டை சண்டையே அல்ல. லைட் பாக்ஸ் முன்னால் நிற்கிற என் நண்பருக்கு இது தெரியும். ஷேடு சரியில்லை என்று அவர் சொன்னால், எதிராளி கேட்கும் முதல் கேள்வி, 'எந்த லைட்டுல பாத்தீங்க?'