விடுமுறையில் எதைப் படிக்கலாம்?

ஆண்டிறுதி விடுமுறை வந்தால், "ஐயா, படிக்க நல்ல நூல் ஏதும் உண்டா?" என்று உடனாசிரியர்கள் கேட்பதுண்டு. நூல் வெளியீடுகளில் மரியாதைக்காக வாங்கி, பிரித்தும் பாராமல் அலமாரியில் அடுக்கினோமே, அவற்றிலேயே உண்டு!

அ. ரெங்கசாமி அவர்களின் 'நினைவுச்சின்னம்' நாவலையே (2005) முதலிற் சொல்வேன். 1942–43இல் சப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களின் கதை இது. வரலாற்றுச் செய்தி மிகுந்து கதையோட்டம் தளரும் இடங்கள் உள. அது குறையே. ஆயினும், நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் கெடாத் தோட்டத்து லயங்களில், "அவர் சயாமுக்குப் போனவர்" என்று தாழ்ந்த குரலிற் சொல்வார்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் வாராது. அந்த மௌனத்தின் பொருள் இந்நூலைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. இன்றைய மாணவன் கேட்டறிய அந்தத் தாத்தாக்களும் இல்லை. புனைவு போதாது என்போர் சீ. அருண் அவர்கள் இதே பாதையைப் பற்றி எழுதிய வரலாற்று நூலை உடன் வைத்துப் படிக்கலாம்.

இதழ்களுள் 'வல்லினம்'. 2007இல் அச்சில் தொடங்கி, பின்னர் இணையத்துக்குச் சென்றது. ஆசிரியர் ம. நவீன் நம் லுனாசில் பிறந்தவர். அதன் விமர்சனங்கள் சில எனக்கு உடன்பாடல்ல. ஆனால், அணிந்துரை எழுதியே பழகிய நமக்கு அந்தக் காரம் வேண்டியதே.

ஆறாம் ஆண்டு மாணவரிடம் 'நினைவுச்சின்னத்தை' அப்படியே கொடுத்துவிட வேண்டா. சாவு மலிந்த கதை. ஆசிரியர் படித்து, வாய்மொழியாகச் சொல்லலாம்.