டைரனோசரஸின் கையும் பேஸ்பால் மட்டையும்

தாவரம் தின்னும் டைனோசர்கள் ஓர் அணி, மாமிசம் தின்னும் டைனோசர்கள் எதிரணி. காட்டில் விரட்டியும் ஓடியும் வாழ வேண்டியவை சீருடை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்குகின்றன. லிசா வீலர் எழுதி பேரி காட் படம் வரைந்த ‘டைனோ-பேஸ்பால்’ 2010இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 2007இல் ஹாக்கியில் தொடங்கி, கால்பந்து, கூடைப்பந்து என்று நீண்ட வரிசையில் ஒன்று அது. எதுகையோடு துள்ளும் வரிகளில் முழு ஆட்டமும் நடந்து முடிகிறது.

விலங்குகளிடம் மனிதரின் விளையாட்டைக் கொடுத்துக் கதை சொல்லும் இந்த வழக்கத்துக்குச் சிறார் நூல்களில் என்றும் மவுசுதான். அதில் நியாயமும் உண்டு. ஆட்டத்தில் தோற்ற ஐந்து வயதுப் பிள்ளை அழும். தோற்றது டைனோசர் என்றால், அதே பிள்ளை தோல்வியைச் சிரித்தபடி வேடிக்கை பார்க்கும். சாதி, ஊர், நிறம், வீட்டு வசதி எதுவும் டைனோசருக்கு இல்லை. எந்தக் குழந்தையும் கூச்சமில்லாமல் அதற்குள் புகுந்துகொள்ளலாம்.

சிக்கல் உடலில் இருக்கிறது. டைரனோசரஸ் ரெக்ஸ் சுமார் 12 மீட்டர் நீளம். கை மட்டும் ஏறத்தாழ ஒரு மீட்டர், அதில் இரண்டே விரல்கள். தொழில்முறை பேஸ்பாலில் அனுமதிக்கப்படும் மட்டையின் உச்ச நீளம் 1.07 மீட்டர். கையும் மட்டையும் ஒரே நீளம்! இந்தக் கையை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பிராணி எப்படிப் பந்தை அடிக்கும்? கதை பிறக்க வேண்டிய இடமே அதுதான். ஆனால் இவ்வகைப் படநூல்களில் பல அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. தோலில் செதில், பின்னால் வால், மற்றபடி மட்டை பிடித்து நிற்கும் ஒரு மனிதர். டைனோசர் அங்கே வெறும் வேடம். பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்டெகோசரஸும் ஏழு கோடி ஆண்டுகூட ஆகாத டைரனோசரஸும் ஒரே களத்தில் நிற்பதைக் கற்பனையின் சலுகையாக விட்டுவிடலாம். உடலை அழித்துவிடுவதை அப்படி விட முடியாது.

சிட் ஹாஃப் 1958இல் எழுதி வரைந்த ‘டேனியும் டைனோசரும்’ அந்தப் பிழையைச் செய்யவில்லை. அருங்காட்சியகத்தில் நிற்கும் டைனோசர் ஒரு நாள் மட்டும் உயிர்பெற்று, டேனி என்ற சிறுவனோடு ஊர் சுற்றுகிறது. பிள்ளைகளோடு கண்ணாமூச்சி ஆடுகிறது. எங்கே ஒளிந்தாலும் அதன் உடல் வெளியே தெரிகிறது. ஒவ்வொரு முறையும் பிடிபட்டுவிடுகிறது. கடைசியில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, கண்ணெதிரே நிற்பதைக் காணாததுபோல் நடித்துத் தோல்வியை ஒப்புக்கொள்கிறார்கள். டைனோசருக்கு ஒரே பெருமை. பெரிய உடல் இங்கே மறைக்கப்படவில்லை. சிரிப்பும் பரிவும் அந்த உடலிலிருந்தே வருகின்றன. அறுபது ஆண்டுகளைக் கடந்தும் இந்தப் பக்கங்கள் பழையதாகாததற்கு இதுவே காரணம்.

ஆனாலும் அந்த வெற்றி பொய் வெற்றி. தென்காசிப் பக்கத்துத் தெருக்களில் சின்னப் பிள்ளையை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாக ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், அது ஓடும், பிடிக்கும், அவுட் ஆனால் கணக்கில் வராது. ஹாஃபின் பிள்ளைகள் டைனோசருக்குச் செய்ததும் அதுதான். அன்பாகத்தான் செய்தார்கள். ஆனால் தான் கணக்கில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அந்த அன்பு கசக்கும்.

இந்தக் கசப்பை அதே தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் வைத்து யோசிப்பது பொருத்தம். கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் 1975இல் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் இங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். சங்கத்தின் சிவசரஸ்வதி வித்யாலயாவில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளும் மற்றவர்களும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். அப்படி ஒரு வகுப்பில் டைனோசர் படநூலை விரித்தால், ‘அதுக்குக் கை எட்டுமா?’ என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். நூலில் அதற்கு விடை இருக்க வேண்டும்.

விடை நிஜ விளையாட்டுகளிலேயே இருக்கிறது. பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் சலசலக்கும் குண்டுகள் இருக்கும். தோளுக்குக் கீழிருந்து உருட்டிவிடுவார்கள். முற்றிலும் பார்வையற்றவர் எடுக்கும் ஒவ்வோர் ஓட்டமும் இரண்டாகக் கணக்கிடப்படும். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் பந்தைத் தட்டாமல் சக்கரத்தை இருமுறை வரை தள்ளலாம்; வளையத்தின் உயரம் மட்டும் குறைவதில்லை. இங்கே யாரும் தோற்பதுபோல் நடிப்பதில்லை. உடலை அப்படியே ஏற்று, விதியைத் திருத்தியிருக்கிறார்கள். டைனோசர் கதைகள் இதுவரை தவறவிட்ட வளம் இதுதான்.

சென்னை தூலிகாவின் நூல்கள் இதே கேள்வியை மனிதக் குழந்தையை வைத்துச் சந்தித்தன. தாரிணி விஸ்வநாத் எழுதி நான்சி ராஜ் வரைந்த ‘கேட்ச் தட் கேட்’ நூலில், சக்கர நாற்காலிச் சிறுமி டிப் டிப் காணாமல் போன பூனையைத் தேடிக் கிளம்புகிறாள். நாற்காலி படத்தில் இருக்கிறது. கதை பூனையைப் பற்றியது. இரக்கத்தைக் கோரும் வரி அதில் தேவைப்படவில்லை. விலங்குக் கதையால் இவ்வளவு நேராகப் பேச முடியாது என்பது உண்மை. ‘எல்லோரும் ஒன்று’ என்று வாலாட்டிவிட்டு நழுவும் வசதி அதற்கு உண்டு.

தமிழுக்கு வரும்போது இன்னொரு தடையும் சேர்கிறது. ‘டைனோ-பேஸ்பால்’ அணிகளின் பெயர்கள் பாஸ்டன், சின்சினாட்டி நகர அணிகளை நினைவூட்டிச் சிரிக்க வைப்பவை. அந்தச் சிரிப்பு ஆய்க்குடி வரை வராது. மட்டையாளர் மட்டையைப் போட்டுவிட்டு ஓடுவதே கிரிக்கெட் பார்த்து வளரும் பிள்ளைக்குப் புதிர். அறியாத ஆட்டம் என்பதால் நூலை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் சந்தமும் போய், ஆட்டமும் புரியாமல், படம் மட்டும் மிஞ்சும் மொழிபெயர்ப்பைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது வீண். பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற நிலைகளில் அரசுப் பள்ளிகளுக்குச் சின்னச் சின்ன நூல்களைக் கொண்டுபோயிருக்கிறது. வாங்கும் கைகள் தயார். நம் டைனோசர்தான் இன்னும் வந்து சேரவில்லை.

அது இல்லாமல் இல்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் ‘புருஹத்காயோசரஸ்’ என்று பெயரிட்டார்கள். முதலில் மாமிச உண்ணி வகையில் வைக்கப்பட்டது, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றப்பட்டது. உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் பேசப்படுகிறது, எலும்புகளோ நொறுங்கிப்போய்விட்டன. அணி மாறிய, உடலைத் தொலைத்த இப்படி ஒரு நாயகன் எந்த எழுத்தாளருக்கும் எளிதில் கிடைக்க மாட்டான்.

அவனைக் கிட்டிப்புள் ஆட அழைத்துவரலாம். அவ்வளவு உயரத்திலிருந்து குழிமேல் கிடக்கும் புள் கண்ணுக்கே தெரியாது. வாலால் தட்டினால் புள் பக்கத்து ஊரில் போய் விழும். தூரத்தை எந்தக் கிட்டியால் அளப்பது? எழுத்தாளரும் ஓவியரும் இதற்கான விதிகளைத் தாங்களே எழுதிவிடக் கூடாது. பாதி வரைந்த படங்களோடு சிவசரஸ்வதி வித்யாலயா போன்ற ஒரு வகுப்பறைக்குப் போய், பிள்ளைகள் என்ன விதி போடுகிறார்கள் என்று கேட்டு மீதிப் பக்கங்களை வரைய வேண்டும்.